ஒரு வோல்ட்டும் சில தசமங்களும்

நுவரெலியா நகருக்கு மின்விளக்கு வந்தது 1912-ஆம் ஆண்டில். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து அந்நகரை ஒளிரச் செய்தார். 1918-ஆம் ஆண்டில் அவரே, இலங்கையின் ஆறுகளிலிருந்து பெறக்கூடிய மின்வலுவைப் பற்றிப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னே ஓர் ஆய்வுரையைப் படித்தார். அவ்வுரை பலித்து லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இல். காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரில் இயங்கும் நிலையம் 1965-இல் அவர் பெயரையே தாங்கி எழுந்தது. களனி கங்கையின் தலையாறுகளான கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தேயிலைச் சரிவுகளிடையே ஓடி வந்து நாடு முழுவதற்கும் ஒளி தருகின்றன. ஆயினும் அவ்வாறுகளின் கரையிலிருந்த லயங்கள் பலவற்றில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது என்பதை மலையகத்தார் மறந்துவிடவில்லை.

இன்று அந்த லயங்களில் மின்விளக்கு மட்டுமன்றிக் கணினியும் இருக்கிறது. சுவரில் உள்ள மின்குதையில் 230 வோல்ட் வருகிறது. கணினியின் உள்ளே, எல்லா வேலைக்கும் தலைமை தாங்கும் அந்தச் சிறு சில்லுக்குச் செல்வதோ ஒரு வோல்ட்டும் அதற்கு மேற்பட்ட சில தசமங்களும் மட்டுமே. பாடநூல்கள் அச்சில்லை முறைவழியாக்கி என்று கூறும்; கடைத்தெருவில் அதன் பெயர் புரொசெசர். அந்த ஒரு வோல்ட்டுச் சொச்சத்தை எவ்வளவில் நிறுத்துவது என்பதே இப்பேச்சின் பொருள். கேட்பதற்குச் சிறு விஷயம். ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அடங்கியிருக்கக்கூடும்.

டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டத்தில் வாழும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளலாம். உயர்தரப் பரீட்சை எழுதியவன். படத்தொகுப்பும் முப்பரிமாண வரைபடமும் கற்று, வீட்டிலிருந்தபடியே வேலை செய்து பொருளீட்ட முயல்கிறான். தாயார் ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பகுதி அவனுடைய கணினியாயிற்று. அதன் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய் எனக் கொள்வோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி அது 111 நாட் பேருக்குச் சமம். அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்த 111 நாட்கள். அந்த இளைஞனுக்கு வேலை விரைவாக முடிய வேண்டும். புரொசெசரின் வேகத்தை, செய்தவர்கள் குறித்த அளவுக்கு மேல் உயர்த்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதைத்தான் ஓவர்குளொக் செய்தல் என்கிறார்கள்.

புரொசெசருக்கு ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஓர் அடி எடுத்து வைக்கிறது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் துடிப்பு செக்கனுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம், அதாவது 4.77 மெகாஹேர்ட்ஸ். இன்றைய புரொசெசர்களோ செக்கனுக்கு 400 கோடி, 500 கோடி என்று துடிக்கின்றன. இத்துடிப்பைக் கூட்டும் பழக்கம் புதிதன்று. 1998-இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லு, 300 மெகாஹேர்ட்சுக்கென விற்கப்பட்டு, 450 மெகாஹேர்ட்சில் தயக்கமின்றி ஓடியது. குறைந்த விலைக்கு வாங்கிய பொருளில் உயர்ந்த விலைப் பொருளின் பயனைப் பெற்ற மகிழ்ச்சியில் உலகெங்கும் இளைஞர்கள் இக்கலையில் இறங்கினார்கள். எல்லாச் சில்லுகளும் இதற்கு இடந்தருவதில்லை. இன்டெல் சில்லுகளில் கே என்னும் எழுத்தில் முடியும் பெயருடையவையும், ஏ.எம்.டி.யின் ரைசன் வகையிற் பெரும்பாலானவையும் தகுந்த தாய்ப்பலகையோடு சேர்ந்தால் இடந்தரும். மடிக்கணினி வைத்திருப்போர் இம்முயற்சியை விட்டுவிடுவதே நன்று.

துடிப்பைக் கூட்டுவதற்கும் மின்னழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? 5 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள காலம் ஒரு செக்கனின் 500 கோடியில் ஒரு பங்கு. அந்நேரத்துள் ஒளி கடக்கும் தூரம் வெறும் 6 சென்ரிமீற்றர். அதற்குள்ளே சில்லில் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று திறந்தும் மூடியும் விடையை மறுகரைக்குச் சேர்த்துவிட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் அக்கதவுகள் விரைந்து திறக்கும். குறைந்தால் தாமதிக்கும். தாமதித்த கதவின் விடை வருமுன்னே அடுத்த துடிப்பு வந்துவிடின், ஒன்று எனப் பதிய வேண்டிய இடத்தில் பூச்சியம் பதியும். அந்த ஒரு பிழையால் திரை நீலமாகி இயந்திரம் நின்றுவிடலாம். ஒருவேளை ஒன்றுமே நேராதது போலத் தோன்றி, மூன்று நாள் உழைத்த கோப்பு பழுதாகியும் போகலாம். இரண்டாவது வகையே கொடியது. நின்றுபோன இயந்திரம் தன் குறையை உரத்துச் சொல்கிறது. நிற்காமல் பிழைபடும் இயந்திரம் சொல்வதில்லை.

அப்படியாயின் மின்னழுத்தத்தைத் தாராளமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கிறது. சில்லு உண்ணும் வலு துடிப்பின் மீடிறனுக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. மின்னழுத்தத்தைப் பொறுத்தோ அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. 1.20 வோல்ட்டில் 4.2 கிகாஹேர்ட்சாக ஓடிய சில்லை 1.35 வோல்ட்டில் 4.8 கிகாஹேர்ட்சாக ஓட்டினால், வேகம் ஏழில் ஒரு பங்கு கூடும். வலுவோ 100-க்கு 45 வீதம் கூடும். அவ்வலு முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். சூடேறிய சில்லில் மின்னோட்டக் கசிவு மிகும். கசிவு மிகுந்தால் சூடு இன்னும் ஏறும். இதற்கு மேலும் ஒன்றுண்டு. மிகையான அழுத்தமும் மிகையான வெப்பமும் சேர்ந்து, சில்லினுள்ளே மயிரினும் பன்மடங்கு நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்த்துவிடுகின்றன. டிரான்சிஸ்டர்களும் முதுமை அடைகின்றன. நேற்று 1.25 வோல்ட்டில் செய்த வேலைக்கு அவை நாளை 1.30 கேட்கும்.

சில்லின் மின்னழுத்தம் சிறிதாக இருப்பதனால் அதன் மின்னோட்டமும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. 120 வாட் வலுவை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமாயின் 100 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு சாதாரண வீட்டின் மின்னிணைப்பே 30 ஆம்பியர்தான்! தாய்ப்பலகையில் புரொசெசரைச் சுற்றிலும் வரிசையாக நிற்கும் சிறு கட்டைகள் 12 வோல்ட்டை வாங்கி, ஒரு வோல்ட்டுச் சொச்சமாக இறக்கி, இப்பெரு மின்னோட்டத்தை வழங்குகின்றன. 100 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு ஓமின் ஆயிரத்தில் அரைப்பங்கு தடை இருந்தாலும் 0.05 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே பயோஸ் திரையில் 1.30 என்று எழுதிவைத்த எண், பாரம் ஏறியதும் சில்லின் வாயிலில் 1.25 ஆகி நிற்கும்.

தேயிலைத் தோட்டத்தாருக்கு இது புதுக்கதை அன்று. தோட்டத்து ஓடையில் சிறு நீர்ச்சுழலி வைத்து மின்சாரம் பிறப்பித்த தொழிற்சாலைகளில் இதே நாடகம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஓடத் தொடங்கியதும் சுழலியின் வேகம் தளரும், விளக்குகள் மங்கும். ரோலரைத் திடீரென நிறுத்தினாலோ பாரம் இழந்த சுழலி வெறிகொண்டு சுழல, அழுத்தம் மேலெழுந்து விளக்குக் குமிழ்கள் வெடிக்கும். அதனால்தான் நீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் என்ற கருவியை வைத்தார்கள். பிற்காலத்தில் மிஞ்சிய வலுவைத் தானே ஒரு சூடேற்றிக்குத் திருப்பிவிடும் இலத்திரனியல் கட்டுப்படுத்தியும் வந்தது. கணினியிலும் பாரம் ஏறும்போது அழுத்தம் தாழ்கிறது. பாரம் நீங்கும் கணத்தில் துள்ளுகிறது. தாழ்வை ஈடுசெய்யத் தாய்ப்பலகைகளில் லோட்லைன் கலிபிரேஷன் என்றொரு வசதி உண்டு. அதை உச்சத்தில் வைத்துவிட்டால் தாழ்வு மறையும், ஆனால் துள்ளல் பெருகும். அளவுகருவியில் அகப்படாத அந்தக் கணநேரத் துள்ளலே சில்லுக்கு நஞ்சு. நடுத்தர அளவில் வைத்து, சிறிது தாழ்வை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

இனி, அந்த நிலையான மின்னழுத்தத்தைத் தேடும் முறை. ஒரே பெயரும் ஒரே இலக்கமும் தாங்கிய இரண்டு சில்லுகள் கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மலையில் ஒரே நாளில் பறித்த கொழுந்தாயினும் ஒவ்வொரு வாட்டுத் தட்டும் வாடுகின்ற நேரம் வேறுபடுவதை டீமேக்கர் அறிவார். அவர் கடிகாரத்தை மட்டும் நம்பாமல் இலையைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்க்கிறார். இங்கும் பிறர் கண்ட எண்ணைக் கடன் வாங்குவதாற் பயனில்லை. தன் சில்லைத் தானே சோதித்தறிய வேண்டும்.

முதலில் ஒன்றையும் மாற்றாமல், செய்தவர் குறித்த அளவிலேயே இயந்திரத்தைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்த வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுவே. இயல்பு நிலையிலேயே தடுமாறும் இயந்திரத்தை வேகப்படுத்த முயல்வது, நொண்டும் குதிரைக்குச் சவுக்கு வாங்குவது போன்றது. இயல்பு நிலையில் பாரத்தின் கீழ் எத்தனை வோல்ட், எத்தனை பாகை வெப்பம் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். நினைவகத்தின் வேகத்தையும் இயல்பு அளவிலேயே விட்டுவிடுவது அவசியம். இல்லையேல் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அடுத்தபடியாக, மின்னழுத்தத்தைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்து, இயல்பு அளவுக்கு அண்மையான ஓர் எண்ணில் நிறுத்த வேண்டும். தானியங்கியாக விட்டால் பல தாய்ப்பலகைகள் வேகம் கூடும்போது அளவுக்கு மிஞ்சி ஊட்டிவிடுகின்றன. பிள்ளை அழுதால் சீனி கொடுக்கும் பாட்டி போல.

பின்னர் பெருக்கியை ஒரு படி, அதாவது 100 மெகாஹேர்ட்ஸ், உயர்த்திச் சோதிக்க வேண்டும். 10 நிமிடம், 15 நிமிடம் போதும். தாங்கினால் இன்னொரு படி. எங்கோ ஒரு படியில் இயந்திரம் நிற்கும். அங்கே மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். இப்படி ஏறிக்கொண்டே போனால் ஒரு வளைவு புலப்படும். தொடக்கத்தில் 100 மெகாஹேர்ட்சுக்கு 0.01 வோல்ட் போதுமாயிருக்கும். சற்று மேலே 0.03 கேட்கும். அதற்கு மேல் 0.06 கேட்கும். மலைப்பாதையில் சரிவு செங்குத்தாகும் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் ஏறுவோர் இருக்கிறார்கள். திரவ ஹீலியத்தாற் குளிர்வித்து 9 கிகாஹேர்ட்சையும் கடந்தவர்கள் உண்டு. அது சில நிமிட நேர விளையாட்டு. வாழ்க்கைக்கு உதவாது.

நின்ற இடத்தில் நீண்ட சோதனை தேவை. பிரைம்95 என்ற மென்பொருளை இதற்குப் பலர் கையாளுகிறார்கள். பகா எண்களுள் மிகப் பெரியவற்றைத் தேடுவதற்கென 1996-இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது அது. பல்லாயிரம் இலக்கங்கொண்ட எண்களைப் பெருக்கிக்கொண்டே, இடையிடையே தன் கணக்கைத் தானே சரிபார்க்கும். ஓரிடத்தில் பிசகினாலும் நின்று அறிவிக்கும். கணித ஆராய்ச்சிக்குப் பிறந்த ஒன்று, கணினியின் நாடி பார்க்கும் வைத்தியனாக ஆனது ஒரு வேடிக்கை. அது கொடுக்கும் பாரம் அன்றாட வேலையினும் மிகக் கடியது. ஆகையால் வெப்பமானியைக் கண் காணாமல் அதை ஓடவிட்டு உறங்கப் போகலாகாது. 90 பாகை செல்சியசை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். அச்சோதனையில் தேறியபின், அந்த இளைஞன் உண்மையில் செய்யும் வேலையையே, அதாவது படத்தொகுப்பையே, சில மணித்தியாலம் செய்து பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது நிற்கும் இயந்திரங்களும் உண்டு. பாரம் இன்றித் துடிப்பும் அழுத்தமும் தாழும் வேளையில், ஏற்றத்தாழ்வின் நடுவே கால் இடறுவது அது. எல்லாவற்றிலும் தேறிய அழுத்தத்தின்மேல் 0.01 அல்லது 0.02 வோல்ட் சேர்த்து வைப்பது, ஆற்றைக் கடப்பவன் கரையிலிருந்து ஓரடி தள்ளி நிற்பதைப் போன்ற காப்பு.

மலைநாட்டில் இந்தத் தேடலுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. மாலை ஆறரை மணிக்கு மேல் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் எரிய, நிலைமாற்றியிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள லயத்தில் மின்சாரம் தளர்கிறது. 230 வோல்ட்டிலிருந்து மேலும் கீழும் 100-க்கு 6 வீதம் வரை மாறலாம் என்பது விதி; நீண்ட கம்பியின் கடைசி வீட்டுக்கு அவ்விதி எப்போதும் எட்டுவதில்லை. அவ்வேளையில் கணினி நின்றால், "லைட்டு மங்குது தம்பி, கரண்டுதான் பத்தல" என்பாள் தாய். மகனும் அதையே நம்பிவிடுவான். ஆனால் சுவரில் வரும் அழுத்தம் வேறு. சில்லின் அழுத்தம் வேறு. இடையில் மின்வழங்கிப் பெட்டி ஒன்று நிற்கிறது. நல்ல பெட்டி 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் 12 வோல்ட்டையே கொடுக்கும். அந்த 12-உம் 11.4-க்குக் கீழேயோ 12.6-க்கு மேலேயோ போகலாகாது என்பது அதன் நியமம். ஆகவே விளக்கு மங்குவதால் மட்டும் புரொசெசர் தடுமாறுவதில்லை. மலிவான, பெயரில்லாத மின்வழங்கி இருந்தால் கதை வேறு. எது குற்றவாளி என்று அறிவது எளிது: ஒரு வாரம் இயல்பு வேகத்தில் அதே மாலை வேளைகளில் வேலை செய்து பார்க்க வேண்டும். அப்போதும் நின்றால் மின்வழங்கியையோ கம்பியையோ பார்க்கலாம். நிற்காவிட்டால், குற்றம் பயோசில் எழுதிய எண்ணில் இருக்கிறது.

அழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் பெட்டிகளைப் பல வீடுகளில் காணலாம். அவற்றுள் டக், டக் என்று சத்தமிட்டு மாறும் வகை, ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு கணம் மின்சாரத்தை அறுக்கிறது. நல்ல மின்வழங்கி ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் வரை தன் சேமிப்பில் தாக்குப்பிடிக்கும், பழையது பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியைக் காக்கவந்த கருவி கணினியை நிறுத்துவது இப்படித்தான். நெடுநேர மின்தடைக்கோ எந்தப் பெட்டியும் விடையாகாது. 2022 மார்ச் மாத முடிவில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாடு கண்டது. 2025 பெப்ரவரி 9-ஆந் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. இலங்கையை ஒரு வானரம் கலக்கியது அதுவே முதல் தடவை அன்று என்று முதியோர் சொல்லிச் சிரித்தார்கள்.

இவை எல்லாவற்றினும் மின்னலே பெரிய பகை. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் மலைமுகடுகளில் இடி உறுமத் தொடங்கும். அப்போது, "தம்பி, பொட்டிய நிப்பாட்டு, இடி இடிக்குது" என்று அடுப்படியிலிருந்து வரும் குரல், எந்தப் பாதுகாப்புக் கருவியினும் மேலானது. நிறுத்தினால் மட்டும் போதாது. செருகியைக் குதையிலிருந்து கழற்ற வேண்டும். இணைய இணைப்பின் கம்பியையும் கழற்ற வேண்டும். அவ்வழியாகவும் மின்னல் வரும்.

மலைக்கு வேறொரு வரம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கொழும்பினும் 12 பாகை அளவு குறைவு. சில்லைக் குளிர்விக்கும் விசிறிக்கு இது பேருதவி. ஆனால் உயரத்தில் காற்று மெல்லியது. ஒரே கொள்ளளவில் கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு நிறை குறைவு. அந்த அளவுக்கு அது வெப்பத்தைச் சுமந்து செல்வதும் குறைவு. குளிர் தந்த ஆதாயத்தில் ஒரு பகுதியை மெல்லிய காற்று திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்க. மீதம் வருவதும் கணிசமே. மூடுபனி கதவிடுக்கால் உட்புகும் ஊர்களில் ஈரம் படியுமோ என்ற அச்சம் பலருக்கு. ஓடும் கணினி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் அதில் நீர் படிவதில்லை. பல நாள் அணைத்து வைத்த இயந்திரத்தை ஈரக்காற்று வீசும் காலையில் உடனே முடுக்குவதற்கு முன் சற்றுத் தாமதிப்பது நல்லது. விறகடுப்புப் புகையும் கரியும் விசிறியில் அடைவதே ஈரத்தினும் பெரிய தொல்லை. மாதம் ஒரு முறை தூரிகையாற் துடைத்தால் சில பாகை வெப்பம் குறைவதைக் காணலாம்.

அளவு மீறிய அழுத்தம் தொழில் வல்லவர்களையே ஏமாற்றியிருக்கிறது. 2023-இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையைச் சேர்ந்த சில சில்லுகள் தாய்ப்பலகையோடு கருகிப்போயின. சில்லின் ஒரு பகுதிக்குச் செல்லும் அழுத்தத்தை 1.30 வோல்ட்டுக்கு மேற்போகாமல் அந்நிறுவனம் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் இன்டெல்லின் முறை. அதன் 13-ஆம், 14-ஆம் தலைமுறை உயர்தரச் சில்லுகள், யாரும் வேகப்படுத்தாமலே, சில மாதப் பாவனைக்குப் பின் தடுமாறத் தொடங்கின. காரணம், சில்லினுள் இருந்த நுண்குறிமுறை தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தைக் கேட்டு வாங்கியது. அதனால் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று விரைவில் மூப்படைந்தது. 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட திருத்தத்தால் அழுத்தத்தை 1.55 வோல்ட்டுக்குள் அடக்கினார்கள். உத்தரவாதக் காலத்தையும் மேலும் 2 ஆண்டு நீட்டினார்கள். திருத்தம் இனிவரும் சேதத்தைத் தடுத்தது. முன்பே மூப்படைந்த சில்லை அது இளமையாக்கவில்லை. அதை மாற்றியே ஆகவேண்டும். கொழும்புக் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கியவருக்கு அது இயலும். கைமாறிக் கைமாறி ஹட்டனுக்கு வந்த பழைய சில்லுக்கு யார் உத்தரவாதம்? அதை வாங்குவோர், முன்னவர் எத்தனை வோல்ட்டில் வைத்து ஓட்டினார் என்பதைக் கண்ணாற் கண்டறிய வழியில்லை. இயல்பு அழுத்தத்தில் இயல்பு வேகத்திலேயே சோதனையில் தவறும் சில்லை விலை பேசாமல் விட்டுவிடுவதே தகும்.

அந்த இளைஞனுக்கு எது ஏற்றது என்று கேட்டால், இதே தேடலைத் தலைகீழாகச் செய்வதே என்று சொல்லத் தோன்றுகிறது. வேகத்தை இயல்பு அளவிலேயே விட்டு, அழுத்தத்தை 0.01 வோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே வருவது. செய்தவர்கள் தம் சில்லுகளுள் மிக நலிந்ததும் பிழையின்றி ஓட வேண்டும் என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் சற்று மிகுதியாகவே அழுத்தம் குறித்திருப்பார்கள். ஆகவே பல சில்லுகளில் 1.25-ஐ 1.15 ஆக்க முடிகிறது. வலு 100-க்கு 15 வீதம் குறைகிறது. வெப்பம் தணிகிறது, விசிறி ஓசை அடங்குகிறது. வெப்ப எல்லையை முட்டித் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்ட இயந்திரம் அப்போது முன்னிலும் விரைவாகவே ஓடுகிறது. மின்கட்டணமும் சிறிது மிஞ்சும். சோதனை முறை முன் சொன்னதே. தவறினால் 0.02 மேலேற்றி நிற்பது. அழுத்தம் குறைந்ததால் சில்லு அழிவதில்லை, நிற்கும், அவ்வளவே. பயோசில் எழுதிய எண்ணால் திரையே எழாமற் போனாலும் அஞ்ச வேண்டியதில்லை. மின்செருகியைக் கழற்றி, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சில நிமிடம் எடுத்துவைத்தால், பெரும்பாலான பலகைகள் பழைய அளவுகளுக்கே திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்து கண்டுபிடித்த எண்ணும் என்றென்றைக்கும் உரியது அன்று. தை மாதத்து இரவில், புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படியும் நுவரெலியாவில், ஓர் இயந்திரம் 1.22 வோல்ட்டில் எட்டு மணித்தியாலச் சோதனையைத் தாண்டிவிடலாம். சித்திரை மாதத்துப் பிற்பகலில், தகரக் கூரையின் கீழ், அதே எண் பதினைந்து நிமிடம் தாங்காது. ஆகையால் சோதனையை ஆண்டின் வெப்பமான நாளில், வெப்பமான வேளையில் வைத்துக்கொள்வதே முறை. மலையகத்து இளைஞர் பலர் படிப்புக்கும் வேலைக்குமாகக் கொழும்புக்குப் போகிறார்கள். கணினிப் பெட்டியும் பேருந்தில் கூடவே இறங்குகிறது. வெள்ளவத்தையில் காற்றோட்டம் குறைந்த ஓர் அறையில் வெப்பமானி 31 பாகை காட்டும்போது, ஊரில் 1.22-இல் நின்ற சில்லு 1.24 கேட்கலாம். அல்லது 100 மெகாஹேர்ட்சை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். கொப்பியில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, இயல்பு வேகம், இயல்பு அழுத்தம் என்ற முதல் வரியிலிருந்து அங்கே மறுபடியும் எழுதத் தொடங்க வேண்டியதுதான்.